லெந்து உபவாசி

பாளையங்கோட்டைப் பக்கம் லெந்து என்ற தவக்கால நாட்களில் கறி விடுகிறவர்கள் உண்டு, தாடி விடுகிறவர்கள் உண்டு. இப்போது சபைச் சேகரத்துக்கு ஒரு அண்ணாச்சியாவது செல்போனை விடுகிறார்.

விடுவதற்கு முன்பு அதை ஊருக்குச் சொல்ல வேண்டும். சொல்லச் செல்போன் வேண்டும். சாம்பல் புதனுக்கு முந்தின ராத்திரி, கறுப்புப் பின்னணியில் ஒரு சிலுவைப் படம் ஸ்டேட்டஸில் ஏறும்: ‘40 நாள் செல்போன் உபவாசம். ஜெபத்தில் தாங்குங்கள்.’ அத்தோடு அணைத்து வைத்திருக்கலாம். தாங்குகிறவர்கள் யார் யார் என்று தெரிய வேண்டாமா? கொழுந்தியாள் பார்த்துவிட்டு ஒரு ஆமென்கூடப் போடவில்லை என்பது பன்னிரண்டு மணிக்குள் உறுதியாகிவிடும். அந்த விசனத்தோடுதான் அண்ணாச்சிக்கு லெந்து பிறக்கும்.

உபவாசத்துக்குச் சில விலக்குகள் உண்டு. விடியற்கால ஜெபத்துக்கு அலாரம் வேண்டும். கரண்ட் போனால் டார்ச் வேண்டும். சிலிண்டர்காரருக்கு ஓடிபி சொல்ல வேண்டும். டீக்கடையில் ஸ்கேன் பண்ணும்போது யாராவது குறும்பாகப் பார்த்தால், “இது போன் இல்லடே, பர்ஸ்” என்பார்.

பெரிய விலக்கு ஞாயிற்றுக்கிழமை. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிவரை எண்ணினால் 46 நாள் வரும். நடுவில் 6 ஞாயிறு. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள் என்பதால் அதை உபவாச நாளாக எண்ணுவதில்லை. கழித்தால் சரியாக 40. இது அண்ணாச்சி கண்டுபிடித்த கணக்கல்ல, திருச்சபையின் பழைய கணக்கு. ஆனால் கறி விட்ட காலத்தில் இந்தக் கணக்கு அவருக்கு இத்தனை துல்லியமாகத் தெரிந்திருக்கவில்லை. சனி ராத்திரி பதினொன்றே முக்காலுக்கே செல்போன் முழுச் சார்ஜோடு மடியில் இருக்கும். பன்னிரண்டு அடித்ததும் ஆறு நாள் பாக்கியைத் தீர்க்கத் தொடங்குவார். புதன்கிழமை குடிதண்ணீர் வராது என்ற அறிவிப்புக்கு ஒரு ஸ்தோத்திரம். திங்கட்கிழமை மரித்தவருக்கு ஆழ்ந்த அனுதாபம். அடக்கத்துக்கு நேரில் போய் மண் போட்டுவிட்டு வந்தவர்தான். குழுவில் போடாவிட்டால் போனதாகக் கணக்கில்லையே.

மற்ற ஆறு நாளும் பாடு அவர் வீட்டம்மாவுக்கு.

“ஏளா, குரூப்ல என்ன ஓடுது?”

“நீங்கதான் உபவாசமாச்சே.”

“நான் பாக்கலைலா? நீ வாசி. காதால கேக்கிறது உபவாசத்துல சேராது.”

“நீங்க பேசாம கறியவே விட்டிருக்கலாம். எனக்காவது வேலை மிச்சம்.”

கோயிலில்தான் உண்மையான சோதனை. பல வருஷமாக வேதாகமம் செல்போனுக்குள் இருந்தது. விரலால் தட்டினால் வசனம் வந்து நிற்கும். இப்போது கல்யாணத்துக்குக் கொடுத்த வேதாகமத்தைத் தூசி தட்டி எடுத்து வந்திருக்கிறார். சபை ஐயர் பிரசங்க வசனம் ஆபகூக்கில் என்கிறார். அண்ணாச்சி ஏசாயாவில் தொடங்கி ஓசியா, யோனா என்று ஒவ்வொரு தீர்க்கதரிசியாக விசாரித்து, நாகூமுக்கும் செப்பனியாவுக்கும் நடுவே மூன்றே அதிகாரத்தோடு ஒளிந்திருந்தவரைப் பிடிக்கும்போது ஐயர் ஆசீர்வாதம் கூறிக்கொண்டிருப்பார்.

2020-ல் சாம்பல் புதனன்று போப் பிரான்சிஸ், செல்போனின் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சுவிசேஷத்தோடு இணையுங்கள் என்கிற பொருளில் பேசினார். அண்ணாச்சி சி.எஸ்.ஐ. ஆகையால் போப் சொல்வது அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்தச் செய்தியைப் பதினோரு குழுக்களுக்குத் தள்ளிவிட்டவர் அவர்தான். மலைப்பிரசங்கம் கட்டுப்படுத்தும். உபவாசிக்கிறவன் தலைக்கு எண்ணெய் வைத்து, முகம் கழுவி, மனுஷர் அறியாதபடி இருக்க வேண்டும் என்கிறது அது. அண்ணாச்சி எண்ணெய் வைக்கிறார், முகமும் கழுவுகிறார்.

அவரை முழுக்கக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நாலாவது வாரம் ஒரு சாயங்காலம், கைக்கு வேலையில்லாமல் வாசலில் நின்றவர், எதிர்வீட்டுத் தாத்தா கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதைப் பார்த்து, “என்ன தாத்தா, ஸ்டைலு?” என்றார். கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் ஆகிவிட்டது. குழுவில் வந்த அந்த ஜெபக்குறிப்புக்கு அண்ணாச்சியே இரண்டு கும்பிடு கை போட்டிருந்தார். அன்று தாத்தாவுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, இருட்டும்வரை பழைய பஞ்சாலைக் கதை கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும் போனார். இதைப் பற்றி எந்த ஸ்டேட்டஸும் வரவில்லை. அவர் வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை. சிலுவையின் ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேச வேண்டும், ஐந்தாவது அண்ணாச்சிக்கு. வேஷ்டி மடிப்புக் கலையாமல் பீடத்தை நோக்கி நடந்தவர், பாதி வழியில் நின்று, பாடகர் குழுப் பையனிடம் குனிந்தார்.

“தம்பி, நான் போனைத் தொடுகதில்ல, உனக்கே தெரியும். நீயே எடுத்து, நீயே போட்டுரு. போட்டோவ நான் ஈஸ்டர் அன்னைக்குப் பாத்துக்கிடுதேன். படுக்கப் போட்டு எடுக்காதடே, ஸ்டேட்டஸ்ல ஆளு சின்னதாத் தெரியும்.”