எல்லை மூட மூட ஏறிய வகுப்பு

நாகலூர்க்காரனுக்குப் பயணம் என்றால் முதலில் இறங்க வேண்டும். ஏற்காட்டுக்கு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, அடிவாரத்தில் காலை ஊன்றிய பிறகுதான் சேலமா சிங்கப்பூரா என்ற பேச்சே. வயிறு பிரட்டாமல் அந்த 20 வளைவையும் தாண்டியவன் உலகத்தில் எந்த மூலைக்கும் போகலாம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்தத் தைரியத்தில்தான், ஆக்லாந்தில் இருக்கும் மகளைப் பார்க்க 2020 ஏப்ரலில் போவதாக நானும் மனைவியும் முடிவெடுத்தோம். அதற்குள் காப்பிப் பழம் பறித்து முடிந்திருக்கும், மிளகும் இறங்கியிருக்கும். டிக்கெட் எகானமி. விமானத்தில் வேறு வகுப்புகள் இருப்பது சினிமாவில் பார்த்த சங்கதி, அவ்வளவுதான்.

மார்ச் 19 இரவு நியூசிலாந்து தன் எல்லையை மூடியது. அந்த வாரம் முடிவதற்குள் இந்தியா பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது. 25-ம் தேதி முதல் ஊரே அடங்கிவிட்டது. விமான நிறுவனம் டிக்கெட் பணத்தைப் பணமாகத் தராமல் 'கிரெடிட்' என்று வரவு வைத்தது. விபரீதம் அங்கேதான் ஆரம்பம். கையில் காசு வந்திருந்தால் உரம் வாங்கியிருப்போம். கிரெடிட்டுக்கு எந்த உரக்கடையிலும் மதிப்பில்லை. அதை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது? வகுப்பு மாறலாம் என்று தோன்றியது.

அன்று தொடங்கிய ஏற்றம்தான். எல்லைகள் இறுக இறுக எங்கள் வகுப்பு உயர்ந்துகொண்டே போனது. ஏப்ரலில் எகானமியிலேயே கால் நீட்ட இடமுள்ள முன்வரிசை. ஜூலையில் பிரீமியம் எகானமி. அந்த ஆகஸ்ட் கடைசியில் தமிழ்நாட்டுக்குள் போய்வர இ-பாஸ் வேண்டாம் என்று அரசு அறிவித்தது. ஆனால் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றுக்கும் வர மட்டும் பாஸ் தொடர்ந்தது. மதுரைக்காரர் சென்னைக்குத் தாராளமாகப் போகலாம். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வர அவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். எங்களைச் சுற்றித் தனியாக ஒரு எல்லை விழுந்த அந்தச் செப்டம்பரில் நாங்கள் பிசினஸ் கிளாஸுக்கு மாறினோம். பைசா செலவில்லை.

திட்டம் போடுவதில் சிக்கனம் பார்ப்பது மடத்தனம் என்பது என் கட்சி. மனைவியின் கட்சி வேறு. அளந்து பார்க்காமல் அவள் முழம் பூக்கூட வாங்க மாட்டாள். எகானமியில் முன்சீட்டுக்கும் நம் சீட்டுக்கும் இடையே 31, 32 அங்குலம், பிரீமியத்தில் 38 என்று நான் செல்போனில் படித்துச் சொன்னேன். சிக்னல் கிடைக்கும் பாறையிலிருந்து இறங்கி வருவதற்குள், காப்பிக் களத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை முன்னும் பின்னுமாகப் போட்டு, தையல் டேப்போடு நின்றாள். முதலில் 32 அங்குலம். என்னை உட்கார வைத்து, முன் நாற்காலியில் அவள் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தாள். என் முழங்கால் சத்தம் போட்டது. பிறகு 38 அங்குலம். அவள் உட்கார்ந்தாள், நான் சாய்ந்தேன். "ஆறு அங்குலத்துக்கா இவ்வளவு காசு?" என்றாள். காயும் காப்பிச் செர்ரியைக் கிளறிவிட வந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நாங்கள் எங்கே போகிறோம் என்று பார்த்தார்கள்.

படுக்கையாக மாறும் இருக்கையைக் களத்தில் அமைக்க முடியவில்லை. ஆனால் படிக்கத் தடையில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிடலாம். அங்கிருந்து ஆக்லாந்து சுமார் 8,400; கடலுக்கு மேலே பத்து மணி நேரம். காசு போடுவதானால் இந்த இரண்டாவது துண்டுக்குத்தான் போட வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஏர் நியூசிலாந்தில் 'ஸ்கைகவுச்' என்று ஒன்று இருக்கிறது. எகானமியில் மூன்று சீட்டைச் சேர்த்து வாங்கினால் கால்பலகைகள் நிமிர்ந்து திண்ணையாகிவிடும். அதே நிறுவனம் எகானமிக்காரர்களுக்கு ஆறு அடுக்குப் படுக்கைகள் வைக்கும் யோசனையை, 'ஸ்கைநெஸ்ட்' என்று பெயர் சூட்டி, 2020 பிப்ரவரியில் அறிவித்தது. மனிதன் காலை நீட்டிப் படுத்துப் பறக்கலாம் என்று அறிவித்த அடுத்த மாதமே எவனும் பறக்க வேண்டாம் என்று அந்த நாடு கதவைச் சாத்தியது. எங்களுக்கு இணையாகத் திட்டம் போட்டவர்கள் உலகத்தில் வேறு சிலரும் உண்டு என்பதில் ஒரு ஆறுதல்.

2021 ஏப்ரலில் இன்னொரு பூட்டு. இந்தியாவிலிருந்து வரும் எல்லோரையும், தன் சொந்தக் குடிமக்கள் உட்பட, ஏப்ரல் 11 முதல் 28 வரை நியூசிலாந்து தடுத்தது. எனவே அந்த மாதம் நாங்கள் முதல் வகுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். மகள் அங்கிருந்து வந்து போகலாமே என்றால், திரும்பும்போது ராணுவக் காவல் போட்ட ஓட்டலில் 14 நாள் இருக்க வேண்டும். கட்டணம் 3,100 நியூசிலாந்து டாலர். அந்த அறைக்கும் குலுக்கல். அந்தச் செப்டம்பரில் முதல் குலுக்கலின்போது மூவாயிரத்துச் சொச்சம் அறைகளுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கணினியில் வரிசை நின்றார்கள். மகள் தன் வரிசை எண்ணைப் படம் பிடித்து அனுப்பினாள். மனைவி அதை லாட்டரிச் சீட்டு எண் என்று நினைத்து, "விழுந்துச்சா?" என்று கேட்டாள். தப்பில்லை.

2022 ஜூலை 31 அன்று நியூசிலாந்து முழுவதுமாகத் திறந்தது. விசாவும் வந்தது. திறந்த எல்லை எவ்வளவு கொடுமையானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக முதல் வகுப்பில் கால்மேல் கால் போட்டுப் போய்க்கொண்டிருந்த குடும்பம், உண்மையான விலையைப் பார்த்த ஒரே சாயங்காலத்தில் பிசினஸ், பிரீமியம் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, பழைய கிரெடிட்டோடு மேற்கொண்டு கொஞ்சம் பணம் கட்டி, எகானமியின் நடுவரிசையில் வந்து உட்கார்ந்தது.

அதோடு விட்டிருப்போம். விமான நிறுவனத்தின் மின்னஞ்சல்தான் விடவில்லை. 'உங்கள் இருக்கையை உயர்த்திக்கொள்ள ஏலம் கேளுங்கள்' என்றது. ஏலம் என்றதும் நான் நிமிர்ந்துவிட்டேன். எங்கள் பக்கம் சில்வர் ஓக்கில் ஏறிய மிளகும், எஸ்டேட் ஓரத்துப் பலாமரமும் கைமாறுவது ஏலத்தில்தான். எதிராளி டீயை எப்படி உறிஞ்சுகிறான் என்று பார்த்தே அவன் மடியில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். இந்த ஏலத்தில் முகமே இல்லை. எத்தனை சீட் காலி என்று சொல்ல மாட்டார்கள். உங்களைத் தவிர வேறு யாராவது கேட்கிறார்களா என்றும் சொல்ல மாட்டார்கள். குறைந்தபட்சத் தொகை அவர்கள் வைத்ததுதான். கேட்கும் தொகை ஆளுக்கு இவ்வளவு, ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி, ஏற்கெனவே கட்டிய டிக்கெட் பணத்துக்கு மேலே. சீட் கிடைத்துவிட்டால் வேண்டாம் என்று பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. பலாமரத்தை இப்படி ஒருவன் ஏலம் விட்டால் ஊர்க்கூட்டம் கூட்டிக் கேள்வி கேட்டிருப்பார்கள்.

திரையில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு குமிழ். தள்ளத் தள்ளத் தொகை ஏறும். பக்கத்தில் ஒரு அளவுகோல் நம் கேள்வியின் தகுதியைச் சொல்லும். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குமிழைக் கடைசி இடதுபுறத்தில் வைத்தாள். அளவுகோல் சிவந்து, 'பலவீனம்' என்று அர்த்தமாகும் ஆங்கிலச் சொல்லைக் காட்டியது.

"ஏங்க, இவன் நம்மளை இல்லாதவங்கன்னு சொல்றானா?"

"நம்மளை இல்ல, நம்ம கேள்வியை."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

தள்ளினாள். 'பரவாயில்லை' வந்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்புறம் தொகையை மூட்டைக் கணக்கில் மாற்றினாள். பத்து மணி நேரம் படுத்துக்கொண்டு போக எத்தனை மூட்டை செர்ரி என்று தெரிந்ததும், குமிழ் வந்த வழியே பழைய இடத்துக்குப் போய்விட்டது. "சிவப்பாவே இருக்கட்டும்" என்றாள்.

மீதி எல்லைகளை மகள் போனில் ஒப்பித்தாள். தேன் கொண்டுவராதே, பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவராதே, எதையும் சொல்லாமல் பெட்டியில் வைத்து மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். கிருமிக்காக மூடிய கதவு திறந்துவிட்டது. எங்கள் சேர்வராயன் மலைத்தேனுக்கு மட்டும் அது திறக்கவே திறக்காது. சீல் பிரிக்காத வறுத்த காப்பித்தூளை எழுதிக் காட்டிவிட்டுக் கொண்டுபோகலாம் என்று கேட்ட பிறகுதான் மனைவி அந்த நாட்டை மன்னித்தாள்.

கிளம்பிய இரவு சேலம் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்தோம். எங்கள் மலையின் பெயரை மாட்டிக்கொண்டு, ஈரோட்டுக்கும் சென்னைக்கும் இடையே ஓடி, ஒருநாளும் மலைப்பக்கம் எட்டிப் பார்க்காத ரயில். நடைமேடையில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று விமான நிறுவனத்தின் வருத்தம்: உங்கள் ஏலம் ஏற்கப்படவில்லை. மற்றது ரயில்வே. டிக்கெட் எடுக்கும்போது மேல்வகுப்பில் இடம் காலி இருந்தால் மாற்றித் தரச் சம்மதமா என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் அடித்து வைத்திருந்தேன். ஸ்லீப்பரிலிருந்து மூன்றடுக்கு ஏசிக்கு மாற்றியிருந்தார்கள்.

கம்பளியும் தலையணையும் விரித்த படுக்கையில் மனைவி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு ஏலம் கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல. சும்மாவே குடுத்துட்டாங்க."

"சும்மாவா?" டிடிஇ வரும் திசையைப் பார்த்தாள். "சத்தம் போடாம லைட்டை அணைச்சுட்டுப் படுங்க."