வால்யூமைக் கொஞ்சம் குறைங்க! – பதிலடியார் பதில்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பாட்டின் ஒலித்தரம் பற்றியவை. அலோர் காஜா வட்டாரத்தில் யாரோ புதிதாக ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார்கள் என்பது பதிலடியாரின் ஊகம். வாங்கியவர் இருக்கும் தாமான் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பதால் ஊகிப்பதில் பெரிய சிரமமில்லை.

கேள்வி (வாசகர், ரெம்பியா): இளையராஜாவின் பழைய பாட்டுகளை ‘24 பிட் ஹை-ரெஸ் ரீமாஸ்டர்டு 5.1’ என்று யூடியூப்பில் போடுகிறார்களே, உண்மைதானா ஐயா?

தலைப்பில் உள்ள எண்களெல்லாம் உண்மை. பாட்டில்தான் அவை இல்லை.

குறுந்தட்டு ஒரு வினாடி இசைக்கு ஏறக்குறைய 1,411 கிலோபிட் செலவிடுகிறது. பாசார் மாலாமில் ஒரு காலத்தில் ஐந்து வெள்ளிக்கு நூறு பாட்டு என்று விற்றார்களே, அந்த எம்பி3 தட்டுகளில் பெரும்பாலும் 128 கிலோபிட்தான். பதினொரு பங்கில் பத்தைக் கழித்துவிட்டு மீதியைக் கையில் கொடுத்தார்கள். அதை எடுத்து 24 பிட்டாக மாற்றினால் கோப்பு குண்டாகும், பாட்டு ஆகாது. பிழிந்த தேங்காய்த் துருவலை எத்தனை பெரிய சட்டிக்கு மாற்றினாலும் முதல் பால் வராது.

மாஸ்டரிங் என்பது பாட்டுகளைக் கலந்து முடித்த பிறகு நடக்கும் கடைசி வேலை. ஆல்பத்தின் ஒரு பாட்டு உரக்கவும் அடுத்தது முனகலாகவும் போகாமல் சமன்செய்வது, கார்வை கூர்மைகளைச் சரிபார்ப்பது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் எத்தனை வினாடி மௌனம் என்று முடிவு கட்டுவது, இசைத்தட்டோ குறுந்தட்டோ போய்ச்சேரும் ஊடகத்துக்கு ஏற்பத் தயார் செய்வது, இவ்வளவும் அதில் அடங்கும். ரீமாஸ்டர் என்றால் மூல நாடாவுக்கே திரும்பிப் போய் இதை மறுபடி செய்ய வேண்டும். யூடியூப் அண்ணன்மார் பலரிடம் இருப்பது மூல நாடா அல்ல, மேற்படி ஐந்து வெள்ளித் தட்டு.

5.1 கதை இன்னும் சுவையானது. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் என்று பெயர் வாங்கியவை 1978-இல் வந்த ‘ப்ரியா’வுடையவை. அதற்கு முந்தைய படப்பாட்டு மோனோ, ஒற்றைத் தடம். அதை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்தேன் என்பது ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் கணக்குதான். இடது எங்கே என்று கேட்டால் வலதையே திருப்பிக் காட்டுவார்கள்.

கேள்வி (வாசகி, புலாவ் செபாங்): ‘8டி ஆடியோ’ என்றால் என்ன?

பாட்டு காதைச் சுற்றும், கேட்பவருக்குத் தலை சுற்றும். எட்டு எங்கே என்று தேட வேண்டாம் அம்மா.

கேள்வி (வாசகர், காடேக்): தங்க முலாம் பூசிய ஸ்பீக்கர் கேபிள் முந்நூறு வெள்ளி சொல்கிறார்கள். வாங்கலாமா?

காதுக்குத் தங்கம் வேண்டுமென்றால் தோடு வாங்குங்கள். திருப்பி விற்கவாவது முடியும்.

கேள்வி (வாசகர், டுரியான் துங்கல்): புதுப் பாட்டு எதைக் கேட்டாலும் கொஞ்ச நேரத்தில் காது களைத்துவிடுகிறது. வயசாகிவிட்டதா?

வயது ஆகியிருக்கலாம். குற்றம் அதனுடையது மட்டுமல்ல.

இரண்டு பாட்டை அடுத்தடுத்துக் கேட்டால் சற்று உரக்க ஒலிப்பதே நல்ல பாட்டு என்று மனிதக் காது நம்பிவிடும். இந்தப் பலவீனத்தைத் தயாரிப்பாளர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். ஆனால் டிஜிட்டலில் உச்சவரம்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் ஒலி உடையும். ஆகவே உச்சத்தை லிமிட்டரால் தட்டி அமுக்கிவிட்டு, முனகல் முதல் முழக்கம் வரை எல்லாவற்றையும் கூரைவரை தூக்கி நிறுத்தினார்கள். பல்லவிக்கு முன் வரும் புல்லாங்குழலும் கூட்டிசையும் ஒரே உயரம். காதுக்கு மூச்சு விட இடமில்லை.

ஆங்கிலப் பாப், ராக் உலகில் 1990-களில் முற்றிய இந்தச் சண்டைக்கு ‘உரப்புப் போர்’ என்றே பெயர். 2008-இல் மெட்டாலிகா குழுவின் ‘டெத் மேக்னடிக்’ வந்தபோது ரசிகர்கள் வேடிக்கையான ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டுக்குள் குறுந்தட்டைவிடத் தெளிவாக ஒலித்தன, ஏனெனில் விளையாட்டுக்குப் போனது அத்தனை அமுக்காத பதிவு. காசு கொடுத்து ஆல்பம் வாங்கியவன் ஏமாளி, விளையாடிக்கொண்டிருந்த பையன் இசை ரசிகன்! ஆல்பத்தை மறுபடி கலந்து தரச்சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது அந்தப் போருக்கே அர்த்தமில்லை என்பதுதான் கூத்து. ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற சராசரி உரப்புக்குக் கொண்டுவந்தே ஒலிக்கவிடுகிறது. கத்தி வந்த பாட்டின் வால்யூமை இயந்திரமே இறக்கிவிடும். நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே மிஞ்சும்.

இதற்குமேல் மைவி காரின் பின்சீட்டில் பன்னிரண்டு அங்குல சப்வூஃபரை ஏற்றி, ஈக்குவலைசரில் இரண்டு ஓரத்தையும் தூக்கி, நடுவில் பாடகரைப் புதைத்துவிட்டு சிம்பாங் அம்பாட் சிக்னலில் நிற்கும் தம்பிகளைப் பற்றிப் பதிலடியார் ஏற்கெனவே பல இதழ்களில் எழுதியாயிற்று. நம்பர் பிளேட் அதிரும் சத்தத்தை எந்த மாஸ்டரிங் பொறியாளரும் பாட்டில் சேர்ப்பதில்லை, தம்பி.

கேள்வி (வாசகி, மஸ்ஜித் தானா): ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன். எந்தப் பாட்டைப் போட்டுச் சோதிக்கலாம்?

‘திருடா திருடா’ (1993) படத்தில் வாத்தியமே இல்லாமல் குரல்களாலேயே கட்டி, ஷாகுல் ஹமீது பாடினாரே, அது. மனிதக் குரல் எப்படி இருக்குமென்று எல்லாக் காதுக்கும் தெரியும், எனவே ஸ்பீக்கரால் பொய் சொல்ல முடியாது. கடைக்காரர் ‘பாஸ் கேளுங்க அக்கா’ என்று வேறு பாட்டுக்குத் தாவினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அந்தப் படத்துக்கு இசையமைத்த ரஹ்மானின் ஆரம்பகால ஒலி என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் பதிலடியாரால் அடுத்த கேள்விக்குப் போக முடியாது: ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர். இளையராஜா இசையமைத்த ‘மகாநதி’க்கும், பிறகு ‘தில் சே’, ‘லகான்’ படங்களுக்கும் தேசிய விருது வாங்கியவர். 2008 டிசம்பரில் ஐம்பது வயதைத் தொடுமுன்பே போய்விட்டார்.  பாடியவர், எழுதியவர், ஆடியவர் எல்லோரையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் ரசிகர்கள் இவரைக் கேட்டால் விழிக்கிறார்கள்.

கேள்வி (வாசகர், அலோர் காஜா): மலேசியத் தமிழ்ப் பாட்டு தரத்தில் தமிழ்நாட்டுக்குக் குறைச்சல்தானே?

2006-இல் யோகி பி-யும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நம்மைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது எங்கே இருந்தீர்கள்? இப்போது படுக்கையறையிலேயே ஆல்பம் செய்யும் தம்பிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கலந்த அன்றிரவே நீங்களே மாஸ்டரிங்கும் செய்யாதீர்கள். அந்தப் பாட்டை முன்னே பின்னே கேட்டிராத ஒருவரிடம் கொடுங்கள்.

கேள்வி (வாசகர், லெண்டு): தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அப்பா பாடிய பாட்டு ஒரே ஒரு கேசட்டில் இருக்கிறது. அப்பா இல்லை. தோட்டமும் தாமான் ஆகிவிட்டது. அதைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். முதலில் அதை எந்தப் பழைய ரேடியோவிலும் போட்டுப் பார்க்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் ஓட விடாமல், நாடாக்களைச் சுத்தம் செய்து பழகியவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் ஒலி மங்கும், வேறு கூட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளையும் ஒடித்துவிட்டால் மேலே தவறிப் பதிவாகாது.

நல்ல டெக்கின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஹெட்டின் சாய்வைத் திருப்பும் சிறு திருகை அப்பாவின் குரல் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். பாதி உயிர் அதிலேயே திரும்பும். பிறகு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக ஒரே மூச்சில் பதியுங்கள். அந்தக் கோப்பில் யாரும் கை வைக்கக்கூடாது. இரைச்சலை நீக்குவதென்றால் நகலில் மட்டும். மூலக் கோப்பை மூன்று இடங்களில், அதில் ஒன்றாவது வேறு வீட்டில், வையுங்கள்.

ஜான் லெனன் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே கேசட்டில் பாடிவைத்த ஒரு பாட்டை 1995-இல் மற்ற பீட்டில்ஸ்காரர்கள் முடிக்கப் பார்த்து, குரலைப் பியானோவிலிருந்து பிரிக்க முடியாமல் கைவிட்டார்கள். புதுக் கருவி வந்ததும் பிரித்து 2023 நவம்பரில் வெளியிட்டார்கள். இன்று நீக்க முடியாத இரைச்சலைப் பத்து வருடத்தில் நீக்க முடியலாம். இன்று அவசரத்தில் நீக்கியதை ஒருநாளும் திரும்பச் சேர்க்க முடியாது. பின்னணியில் உடுக்கையும், நாய் குரைப்பதும், யாரோ பிள்ளையை அதட்டுவதும் கேட்டால் அப்படியே விடுங்கள் ஐயா. அதுவும் உங்கள் தோட்டந்தான்.

கேள்வி (வாசகர், மாச்சாப்): திருவிழாவில் ஒலிபெருக்கியை இவ்வளவு உரக்க வைக்கிறாரே எங்கள் மைக்செட் அண்ணன். அவரிடம் சொல்லலாமா?

சொல்லலாம். அவருக்குக் காது கேட்க வேண்டுமே!