வேனில் வந்த வேற்றுக்கிரகவாசி

கேள்வி: 'அண்டர் தி ஸ்கின்' படத்தில் பறக்கும் தட்டு இல்லை, லேசர் துப்பாக்கி இல்லை, வசனமும் சொற்பம். இதையா அறிவியல் புனைகதைப் படம் என்கிறீர்கள்?

பதில்: பறக்கும் தட்டுக்குப் பதில் வெள்ளை வேன் இருக்கிறதே! ஜோனதன் கிளேசர் 2013-ல் தந்த இந்தப் படத்தில், கறுப்பு விக் வைத்து வேற்றுக்கிரகவாசியாக வரும் ஸ்கார்லெட் ஜொஹான்சன் கிளாஸ்கோ தெருக்களில் வண்டியை நிறுத்தி ஆண்களிடம் வழி கேட்பார். வேனுக்குள் ஒளித்துவைத்த கேமராக்கள். பதில் சொன்னவர்களில் பலர் நடிகர்களே அல்ல. படப்பிடிப்பு என்பதே பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். ஹாலிவுட் நட்சத்திரமே அடையாளம் தெரியாமல் ஊர் சுற்ற முடிகிறபோது, வேற்றுக்கிரகவாசிக்கு என்ன கஷ்டம்?

கடற்கரைக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். நாயைக் காப்பாற்றப் போன தாயையும், தாயைக் காப்பாற்றப் போன தந்தையையும் அலை கொண்டுபோகிறது. கரையில் கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் வேற்றுக்கிரகவாசி கண்டுகொள்ளவே இல்லை. அவளுக்கு அலைச்சத்தமும் அழுகையும் ஒன்றுதான். எந்த கிராஃபிக்ஸ் பூதமும் என்னை இப்படி நடுங்கவைத்ததில்லை. படத்தில் நெஞ்சைக் கீறும் தந்தி இசை மிக்கா லெவியுடையது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், விளக்கை மட்டும் அணைக்காதீர்கள்.