பெருங்காய டப்பாவில் ஒளிந்திருக்கும் கோதுமை

கேள்வி: சென்னையில் இருக்கும் மருமகள், 'குளூட்டன் இல்லாத மாவு' என்று ஏதோ பாக்கெட்டை ஆன்லைனில் வரவழைக்கிறாள். விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது. வீட்டிலேயே என்ன செய்து கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: மயக்கம் தெளிந்ததும் ரேஷன் கடைப் பக்கம் போய் வாருங்கள். தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை 2023-இல் அரசு தொடங்கியது. கேழ்வரகு, சாமை, தினை, கம்பு, சோளம், அரிசி எதிலும் குளூட்டன் கிடையாது. அது கோதுமை, பார்லி, ரை வகையறாவின் குடும்பச் சொத்து.

நொய்யைக் குழைய வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி மூடி, வெந்ததும் கட்டியில்லாமல் கிளறி உருண்டை பிடியுங்கள். தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசலோ கீரைக் கடைசலோ போதும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். மருமகளையே கிளறச் சொன்னால் ஜிம் காசும் மிச்சம்.

ஆனால் அவளுக்கு நிஜமாகவே குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் என்றால் விளையாட்டு வேண்டாம். துளி கோதுமையும் குடலைக் கெடுக்கும். கோதுமை அரைக்கும் மெஷினில் கேழ்வரகை அரைக்காதீர்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். நோய் இல்லையென்றால் சப்பாத்தியோடு அவளுக்கு என்ன பகை?

ரவையும் கோதுமைதான். உப்புமா வேண்டாம் என்று சொல்ல அவளிடம் டாக்டர் சீட்டு இருக்கலாம். என்னிடம் இல்லை.