பழைய ஆட்டத் தொகைகளில் பாடபேதமும் இடைச்செருகலும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

தொகை நூல் தமிழருக்குப் புதிதல்ல. ஒருவர் பாடுவார், ஒருவர் தொகுப்பார், காசு உள்ள ஒருவர் தொகுப்பிப்பார், பொழுது போகாத ஒருவர் உரை எழுதுவார். இதே வேலைப் பங்கீடு வீடியோ கேம் உலகிலும் கச்சிதமாக நடந்துவருவதை நம் அறிஞர் பெருமக்கள் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இக்கட்டுரையாளர் துணிந்திருக்கிறார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பெரும்பாலும் 1980களிலும் 90களிலும் வந்த ஆட்டங்களை ஒரே கட்டாகக் கட்டி இன்றைய ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளுக்கு விற்கிறார்களே, அவையே நம் ஆய்வுப் பொருள். பாடியோர் நிண்டெண்டோ, சேகா, கேப்காம், கொனாமி முதலானோர். தொகுத்தோர் ஜப்பானின் எம்2, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்லிப்ஸ் போன்றோர். தொகுப்பித்தோரும் பெரும்பாலும் பாடியோரே, ஏனென்றால் உரிமைப் பத்திரம் அவர்கள் பீரோவில் இருக்கிறது. பயில்வோர் நாற்பதைத் தாண்டியவர்கள், இரவு பத்து மணிக்கு மேல்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரிகள் மூன்று: இக்கட்டுரையாளர், அவருடைய மைத்துனர், மைத்துனரின் பன்னிரண்டு வயது மகன். மூவரும் ஒரே குடும்பமாயிற்றே, முடிவு ஒரு பக்கம் சாயாதா என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும். வேறு யாரையும் உட்காரவைக்க முடியவில்லை. ஆய்வுக்கூடம் வீட்டு ஹால். சீரியல் நேரத்தில் விடுமுறை.

தொகையின் தொன்மை

1993-இல் நிண்டெண்டோ தன் பழைய மாரியோ ஆட்டங்கள் நான்கைப் புதிதாக வரைந்து, சேவ் வசதியும் சேர்த்து, சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ் என்று ஒரே கேசட்டில் போட்டது. 1995-இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வரத் தொடங்கிய நாம்கோ மியூசியம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் முதல் ஐந்து தொகுதிகளுக்கும் தலைக்கு ஓர் எழுத்து. வரிசையாக அடுக்கினால் கம்பெனியின் பெயர் வரும். நான்கு வாங்கியவன் ஐந்தாவதையும் வாங்காமல் தூங்குவானா? போதாததற்கு, உள்ளே நிஜமாகவே ஓர் அருங்காட்சியகம் கட்டியிருந்தார்கள். பாக்-மேன் ஆட வேண்டுமென்றால் கூடம் கூடமாக நடந்துபோய் அந்த அறைக்குள் நுழைய வேண்டும். 2018-இல் வந்த சேகா மெகா டிரைவ் கிளாசிக்ஸ் 50-க்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஒரு பையனின் படுக்கையறைக்குள் வைத்தது: அலமாரி, சுவரொட்டி, குண்டு டிவி எல்லாம் திரைக்குள் இருக்கும். நம் வீட்டு டிவியில் அவன் வீட்டு டிவி தெரிய, அதற்குள் ஆட்டம் ஓடும்.

இங்கே நம் ஊரின் பங்களிப்பையும் பதிவு செய்தாக வேண்டும். தொண்ணூறுகளில் டிவி கேம் இருந்த வீடுகளில் ‘9999999 இன் 1’ என்று அச்சிட்ட கேசட்டைப் பார்த்திராதவர்கள் குறைவு. தொகுத்தோன் பெயர் தெரியவில்லை, தொகுப்பித்தோன் பெயரும் தெரியவில்லை, பாடியோருக்கு நயா பைசா போகவில்லை. பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தள்ளினால் ஒரு கை விரல்களில் அடங்கும் ஆட்டங்களே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். முதல் ஸ்டேஜில் தொடங்கும் மாரியோ ஓர் ஆட்டம் என்றால், மூன்றாம் ஸ்டேஜில் தொடங்கும் அதே மாரியோ இன்னோர் ஆட்டம். அணியிலக்கணத்தில் உயர்வு நவிற்சிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

பாடபேதம்

எந்தப் பாடம் மூலப்பாடம் என்ற சண்டை இல்லாமல் பதிப்பியல் இல்லை. ஆல்-ஸ்டார்ஸில் முதல் மாரியோவை எடுத்துக்கொள்வோம். 1985 மூலத்தில் மாரியோ தலையால் செங்கல்லை உடைத்தால் உடனே கீழே திரும்புவார். 1993 பாடத்தில் உடைத்த பிறகும் மேலேயே போவார். வெளியாருக்கு இது ஒன்றுமே இல்லை. இதில் ஊறியவர்களுக்கோ புள்ளி வைத்த எழுத்துக்கும் வைக்காத எழுத்துக்கும் உள்ள வித்தியாசம்.

ஐரோப்பியப் பாடம் என்று ஒன்று தனியாக உண்டு. அங்கே டிவி நொடிக்கு 50 முறை துடிக்கும்; ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. சரிசெய்யாமல் கொண்டுபோன ஆட்டங்கள் அங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. 2018-இல் சோனி வெளியிட்ட குட்டி பிளேஸ்டேஷனில் இருபதில் ஒன்பது ஆட்டங்கள் இந்த 50 துடிப்புப் பாடம். டெக்கன் 3-உம் அதில் ஒன்று, அடி கொடுப்பவனும் வாங்குபவனும் சாப்பிட்டுவிட்டு வந்ததுபோல. ஐரோப்பாவில் காண்ட்ரா என்ற ஆட்டத்தின் பெயரே வேறு: புரோபோடெக்டர். ஜெர்மனியின் இளைஞர் பாதுகாப்பு விதிகளுக்குப் பயந்து மனிதச் சிப்பாய்களையெல்லாம் இரும்பு ரோபோக்களாக மாற்றியிருந்தார்கள். 2019-இல் வந்த காண்ட்ரா தொகை இரண்டு பாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது பதிப்பு நேர்மைக்கு அடையாளம். சோனிக் 3 முந்தைய சில தொகைகளில் இருந்தது; பிறகு பல காலம் எந்தத் தொகையிலும் தலைகாட்டவில்லை. 2022-இல் சோனிக் ஒரிஜின்ஸில் வந்தபோது சில ஸ்டேஜ்களில் பழைய இசை போய் வேறு இசை ஒலித்தது. மெட்டு மாறிய தேவாரம் கேட்ட ஓதுவார் முகம் எப்படி இருக்குமோ, அன்று ரசிகர்கள் முகம் அப்படி இருந்தது.

ஏடெழுதினோர் கைவரிசை

படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். 2012-இல் சைலன்ட் ஹில் ஆட்டங்களை உயர்தெளிவில் மறுபதிப்பிக்கப் போனவர்களுக்கு முடிந்த மூலநிரல் கிடைக்கவில்லை. பாதி வேலையில் இருந்த பிரதிதான் கைக்கு வந்தது. நம்மிடம் கரையான் செய்த வேலையை அங்கே அலுவலகப் பராமரிப்பு செய்திருக்கிறது. அந்த ஆட்டத்தின் உயிரே பனிமூட்டம். மூட்டம் சரியாக வராமல் போக, அது மறைத்துவைத்திருந்த அரைகுறைத் தரையெல்லாம் வெளியே வந்துவிட்டது.

2021 நவம்பரில் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ முத்தொகை இன்னும் விரிவான ஆய்வுக்குரியது. அதன் மூன்று ஆட்டங்களில் ஒன்றான சான் ஆண்ட்ரியாஸில் தூரத்தை மறைக்கும் தூசுப் படலம் ஒன்று இருந்தது. பழைய பிளேஸ்டேஷன் 2-ஆல் அவ்வளவு தூரம் வரைய முடியாது, அதனால் போட்ட திரை. புதிய பெட்டிக்குத்தான் பலம் வந்துவிட்டதே என்று திரையை விலக்கினார்கள். மூன்று நகரம், பாலைவனம், மலை என்று மணிக்கணக்கில் வண்டி ஓட்டிய மாநிலம், மலையுச்சியில் நின்று பார்த்தால் ஒரு தாலுகா அளவுகூட இருக்கவில்லை. அதே ஆட்டத்தில் டஃப் நட் என்ற டோனட் கடை உண்டு. கடை வாசலில் போல்ட்டுக்குப் போடும் நட் ஒன்று பெரிதாக நிற்கும், ஆறு பட்டையோடு. பெயரின் கிண்டலே அதுதான். மறுபதிப்பில் முனைகளையெல்லாம் மழமழவென்று ஆக்கும்போது அந்த ஆறு பட்டையையும் உருட்டி வட்டமாக்கிவிட்டார்கள். சிலேடைப் பாட்டில் சிலேடைச் சொல்லை எழுத்துப்பிழை என்று திருத்திய பதிப்பாசிரியர்கள் நம் மொழியிலும் இருந்திருக்கிறார்கள்; ஆகவே இதற்கு மேல் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. கம்பெனி பிறகு மன்னிப்புக் கேட்டது.

குறையையும் காத்தல்

நல்ல பதிப்பாளர்கள் பக்கம் வருவோம். சோனிக்கின் முதல் ஆட்டத்தில் (1991) ஓர் அருவி உண்டு. மெகா டிரைவில் தண்ணீர்போல ஊடுருவித் தெரியும் நிறம் எளிதில் வராது. ஓவியர் என்ன செய்தார்? அருவியை ஒரு கோடு நீலம், ஒரு கோடு வெற்றிடம் என்று செங்குத்துக் கோடுகளாக வரைந்தார். மஞ்சள் பின் வயர் வழியாகக் குண்டு டிவிக்குப் போகும்போது கோடுகள் ஒன்றோடொன்று கலங்கிப்போய் நிஜத் தண்ணீராகத் தெரியும். ஓவியரின் தூரிகையில் பாதி அந்த மட்டமான வயர். இன்று எச்டிஎம்ஐ வயரில் போட்டுப் பார்த்தால் அருவி இருந்த இடத்தில் ஜன்னல் கம்பி நிற்கிறது. ஆகவே தொகைகளில் ஃபில்டர் என்று ஒன்று தருகிறார்கள். கடன் வாங்கி 4கே டிவி வாங்கியவர், மெனுவைத் தேடிப் போய் அதைக் கலங்கலாக்கிக்கொள்கிறார். மைத்துனர் ஒரு மாலை முழுவதும் ஃபில்டர் மட்டுமே மாற்றிக்கொண்டிருந்தார். ஆட்டம் தொடங்கவே இல்லை, ஆனால் திருப்தியாக எழுந்துபோனார்.

பழைய நிண்டெண்டோவில் ஒரே கிடைக்கோட்டில் எட்டுத் துண்டுப் படங்களுக்கு மேல் காட்ட முடியாது. கூட்டம் சேர்ந்தால் மாற்றி மாற்றிக் காட்டும், எதிரிகள் மினுக்குவார்கள். 2022-இல் வந்த நிஞ்சா டர்ட்டில்ஸ் தொகையில் இந்த மினுக்கலை நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டு. நிறுத்தாமல் அப்படியே விட்டாலும் விடலாம். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் (1978) கதையோ இதற்கும் மேல். அந்த எந்திரத்தால் ஒரு நேரத்தில் ஒரு வேற்றுக்கிரகவாசியைத்தான் நகர்த்த முடியும். 55 பேர் இருக்கும்போது படை ஊரும், சுடச்சுட வேகம் கூடும், கடைசி ஒருவன் பறப்பான். செய்தவர் தோமோஹிரோ நிஷிகாடோ. எந்திரத்தின் இயலாமையையே ஆட்டத்தின் பதற்றமாக அப்படியே விட்டுவிட்டார். அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமுள்ள இன்றைய பெட்டி, அந்த இயலாமையை ஒழுங்காக நடித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

காக்கவே முடியாமல் போனது டக் ஹன்ட் ஆட்டத்தின் துப்பாக்கி. துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையிலுள்ள உணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் குறி பட்டதாகக் கணக்கு. குண்டு டிவியின் ஒளித் துடிப்புக்கென்றே செய்த கண் அது. தட்டை டிவியின் முன்னால் அது குருடு. குறி தவறினால் சிரிக்கும் நாயின் சிரிப்பு மட்டும் மாறவில்லை.

இடைச்செருகல்

இவ்வளவு நுணுக்கமாக மினுக்கலையும் மந்தத்தையும் காத்த பதிப்பாளர்கள், மூலத்தில் இல்லாத ஒன்றைத் தாங்களே செருகியிருக்கிறார்கள். அதன் பெயர் ரீவைண்ட், ஆட்டத்தைப் பின்னால் ஓட்டும் வசதி. இக்கட்டுரையாளரின் வாதமெல்லாம் இங்கேதான்.

1985 மாரியோ மொத்தம் 40 கிலோபைட், 32 ஸ்டேஜ். குறுக்குக் குழாய்கள் தெரிந்த கைதேர்ந்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் கோடை விடுமுறை முழுக்க நாம் என்னதான் ஆடினோம்? செத்தோம். குழியில் விழுந்து, ஆமை இடித்து, நேரம் தீர்ந்து. கேசட்டில் இடமில்லாத குறையைச் சாவை வைத்து இட்டு நிரப்பியிருந்தார்கள். நூலில் பெரும்பகுதி அச்சிடப்படவே இல்லை, அதை வாசகன் தன் லைஃபால் எழுதிக்கொண்டான்.

சோதனை: 2015-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு வந்த ரேர் ரீப்ளே, ரேர் நிறுவனத்தின் 30 ஆண்டுக்கு 30 ஆட்டங்கள். அதில் பேட்டில்டோட்ஸ் (1991), மூன்றாம் ஸ்டேஜ். மிதக்கும் வண்டியில் ஏறினால் எதிரே சுவர் வரும். மேலே ஒன்று, கீழே ஒன்று, பிறகு கண்ணிமைக்கும் முன் இரண்டு. அக்காலத்தில் நட்புகள் முறிந்த இடம். மைத்துனர் மகன் உட்கார்ந்தான். இடித்தான், பின்னால் ஓட்டினான், ஒதுங்கினான். மறுபடி இடித்தான், மறுபடி பின்னால். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“இடிச்சா என்ன மாமா, மூணு செகண்டு பின்னாடி போயிடலாமே.”

“எங்க காலத்துல அதெல்லாம் கிடையாதுடா. லைஃப் போச்சுன்னா போச்சு, முதல்லேர்ந்து ஆடணும்.”

“அப்ப எப்படி முடிச்சீங்க?”

“முடிக்கல” என்றார் மைத்துனர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பையன் அன்று சாயங்காலமே முடித்துவிட்டான். “இவ்ளோதானா?” என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

செருகலின் உச்சம் 2018-இல் வந்த எஸ்என்கே 40-ஆம் ஆண்டுத் தொகை. ஆட்டம் முதலிலிருந்து கடைசிவரை தானே ஓடும், நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். எந்த இடத்தில் தோன்றுகிறதோ அங்கே உள்ளே குதித்து ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். மைத்துனர் இகாரி வாரியர்ஸை ஓடவிட்டு, முறுக்குத் தின்றபடி பார்த்து, கடைசிக் கட்டத்தில் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். மறுநாள் ஆபீஸில் அதை முடித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். உரையை மட்டும் படித்துவிட்டு மூலத்தை மேற்கோள் காட்டும் மரபில் வைத்து இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பிடிக்கவில்லையென்றால் அந்தப் பொத்தானைத் தொடாதே என்று மறுப்பாளர் சொல்வார். ஆய்வாளரும் அவ்விதமே சபதம் எடுத்தார். இரவு பதினொன்றரை, காலையில் வேலைக்குப் போக வேண்டும், கட்டைவிரல் பழைய கட்டைவிரல் இல்லை. சபதத்தின் கதி பற்றித் தரவு சேகரிக்கப்படவில்லை.

ஆயினும் இடைச்செருகல் பலிக்காத ஓரிடம் உண்டு. 1980-இன் பாக்-மேன் ஸ்டேஜ் எண்ணை எட்டு பிட்டில் வைத்திருக்கிறது. அதில் 255-க்கு மேல் கொள்ளாது. 256-ஆவது ஸ்டேஜில் திரையின் வலப்பாதி முழுக்க எழுத்தும் எண்ணும் கொட்டிய குப்பையாகிவிடும். ஸ்டேஜ் முடிய 244 புள்ளி தின்ன வேண்டும்; அவ்வளவு புள்ளி அங்கே கிடையாது. பின்னால் ஓட்டினால் 255, முன்னால் வந்தால் அதே குப்பை. இதைப் பையனிடம் சொன்னபோது சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

“தாண்டவே முடியாதா?”

“முடியாது.”

“ரீவைண்ட் இருந்தாலும்?”

“இருந்தாலும்.”

கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டான். இக்கட்டுரை அச்சுக்குப் போகும் நேரத்தில் அவன் ஒன்பதாவது ஸ்டேஜில் இருக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் சேவ் செய்துகொள்ளலாமா என்பதில் ஆய்வுக் குழுவுக்குள் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.