இருப்பவரே இருக்கட்டும்

திருவண்ணாமலையில் தேரடி வீதிக்கும் திருவூடல் தெருவுக்கும் நடுவில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இவரைப் பார்க்கலாம். நெற்றியில் மூன்று பட்டை, சட்டைப் பையில் நீலம் ஒன்று சிவப்பு ஒன்றாக இரண்டு பேனா. தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. சிவப்புப் பேனாவை மட்டும் இன்னும் ஒப்படைக்கவில்லை. எந்தக் கட்சியிலும் இல்லாதவர். ஆனால் கொள்கை உண்டு, அவ்வளவு உறுதியான கொள்கை தமிழ்நாட்டில் எந்தக் கட்சிக்கும் கிடையாது: நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவரே இருக்கட்டும்.

2016-ல் பாமக 'மாற்றம், முன்னேற்றம், அன்புமணி' என்று ஊரெல்லாம் எழுதி வைத்தது. இவர் முதல் சொல்லைத் தாண்டவே இல்லை.

இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தமிழ்நாட்டில் குப்பை கொட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். 1984-க்குப் பிறகு 2016 வரை இந்த மாநிலம் ஒரு கட்சியையும் அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயிக்க விட்டதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் இவர் "ஆட்சி மாறாது" என்பார். ஒவ்வொரு தேர்தலிலும் மாறும். 1989-லும் 1991-லும் தேர்தல் வந்தபோது முதலமைச்சர் நாற்காலியில் ஆளே இல்லை, குடியரசுத் தலைவர் ஆட்சி. வேறு யாராக இருந்தாலும் குழம்பியிருப்பார்கள். இவர் அசரவில்லை. "கவர்னர் நல்லாத்தானே பார்த்துக்கறார், அவரே இருக்கட்டும்" என்றார்.

தோல்வியின் துக்கம் பதவியேற்பு விழா வரைதான். புதியவர் உறுதிமொழி படித்துக் கையெழுத்துப் போட்ட நிமிஷமே அவர்தான் 'இருப்பவர்'. முந்தின நாள் வரை யாருடைய வருகையால் நாடு குட்டிச்சுவராகும் என்று சொன்னாரோ, அவருக்கே மறுநாள் காலையில் இவருடைய முழு ஆதரவு. இதைச் சந்தர்ப்பவாதம் என்பவர்கள் தெருவில் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சந்தர்ப்பவாதிக்கு ஏதாவது கிடைக்கும். இவருக்கு இன்றுவரை ஒரு காலண்டர்கூடக் கிடைத்ததில்லை.

ஊரும் இவருக்கு ஒத்துழைத்ததில்லை. 217 அடி ராஜகோபுரமும், மலையைச் சுற்றி எட்டு லிங்கமும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் கூட்டமும் உள்ள இந்த ஊரில் வெளியூர்க்காரர்கள் பழமையின் கோட்டையைத் தேடி வருவார்கள். ஆனால் 1957-ல் திமுக முதன்முதலாகத் தேர்தலில் இறங்கியபோது மக்களவைக்கு அனுப்பிய இரண்டே பேரில் ஒருவர் நாமக்கல் ஈ.வெ.கி. சம்பத், இன்னொருவர் திருவண்ணாமலை இரா. தர்மலிங்கம். அன்றைக்கு இவருடைய அப்பா, காங்கிரஸே இருக்கட்டும் என்றிருந்தவர், ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாராம். மறுநாள் எழுந்து வழக்கம்போல் கோயிலுக்குப் போனார். தர்மலிங்கத்துக்கு ஓட்டுப் போட்ட பாதித் தெருவும் அங்கே வரிசையில் நின்றது. அப்பாவுக்குப் புரியாத இந்தக் கணக்கு மகனுக்கும் இதுவரை புரியவில்லை.

கருத்துக்கணிப்பு என்றால் இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் உண்டு. பெட்டிக் காலத்தில் தேர்தல் வேலை பார்த்தவர். விடிய விடியச் சீட்டு எண்ணி, விரல் நுனி மரத்துப் போனவர். "எண்ணிப் பார்க்காம எப்படிய்யா சொல்லுவான்? கோடிக்கணக்குல வாக்காளர். ரெண்டாயிரம் பேரைக் கேட்டுட்டு வந்து சதவீதம் சொல்றான், அதுலயும் புள்ளி வச்சு."

"பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றதில்லையா" என்பார் வீட்டம்மா உள்ளேயிருந்து.

"நம்ம வீட்டுப் பானையில ஒண்ணு குழையுது, ஒண்ணு வேகலை. அதை வச்சு என்னத்தைச் சொல்ல?"

அன்றைக்கு ராத்திரி அவருக்கு உப்புமா.

அதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு கணிப்புக்காரனும் இவர் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. லயோலா கல்லூரிக் கணிப்பு, தொலைக்காட்சிக் கணிப்பு, வாரப் பத்திரிகைக் கணிப்பு எல்லாம் வந்தன, போயின. "யாரைத்தான்யா கேட்கறான்? எழுபத்தாறு வயசு ஆச்சு, என்னைக் கேட்டவனையும் பார்க்கலை, கேட்டாங்கன்னு சொன்னவனையும் பார்க்கலை."

தொலைக்காட்சி விவாதம் வேறு கதை. 'நேர்படப் பேசு'வுக்கும் 'ஆயுத எழுத்து'க்கும் இவர் போடுகிற பதிவேட்டை நான் பார்த்திருக்கிறேன். நீளமான நோட்டு, கையால் போட்ட கோடு. தேதி, பொருள், பங்கேற்றோர், கூச்சல் தொடங்கிய நேரம், முடிவு. 'முடிவு' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பேனாவில் 'நிலுவை', 'நிலுவை', 'நிலுவை'. ஒரே ஒரு நாள் மட்டும் 'மின்தடை' என்று இருந்தது.

பேசுகிறவர்களின் பெயருக்குக் கீழே ஓடும் பட்டம்தான் இவரை அதிகம் படுத்துகிறது. மூத்த பத்திரிகையாளர் சரி. வழக்கறிஞர் சரி. 'அரசியல் விமர்சகர்' என்று வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து விடுவார். "அது என்ன உத்தியோகம் தம்பி? யார் அப்பாயின்ட்மென்ட் போடறது? பென்ஷன் உண்டா?" ஒருவர் திங்கட்கிழமை ஒரு சேனலில் 'அரசியல் நோக்கர்', புதன்கிழமை வேறு சேனலில் 'சமூக ஆர்வலர்'. பதவி உயர்வா, தண்டனை இடமாற்றமா என்று தெரியாமல் பதிவேட்டில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.

பட்டிமன்றத்தில் வளர்ந்தவர் அல்லவா. குன்றக்குடி அடிகளாரும் சாலமன் பாப்பையாவும் நடுவராக இருந்தால் கடைசியில் தீர்ப்பு என்று ஒன்று வரும். பிடிக்கிறதோ இல்லையோ, கேட்டுவிட்டு எழுந்து போகலாம். இங்கே நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசி, நெறியாளர் ஐந்தாவதாகச் சேர்ந்துகொண்டு, "நேரமின்மை காரணமாக" என்று கடையைக் கட்டுகிறார்கள். "எங்க தெருவுல வந்து பார்க்கச் சொல்லு" என்பார். மாட்டுப் பொங்கல் அன்று அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் ஊடல் நடக்கிற தெரு அது. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவார். சுந்தரர் தூது நடப்பார். மறுநாள் சுவாமி மலை சுற்றி வந்ததும் மறுவூடல், சமாதானம். "ரெண்டே நாள். ரெண்டு தரப்பும் கௌரவமா. நடுவுல விளம்பரம் கிடையாது." நியாயம்தான். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ரிமோட்டை யாராவது தொட்டால் இந்த நியாயமெல்லாம் காற்றில் போய்விடும்.

2024 மக்களவைத் தேர்தல் இவரைப் பாதி ஆளாக்கியது. தமிழ்நாட்டுக்கு முதல் கட்டம், ஏப்ரல் 19. அன்று மாலை 72.09 சதவீதம் வாக்குப்பதிவு என்றார்கள். இவர் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுவிட்டுப் படுத்தார். விடிந்து பார்த்தால் 69.46. அதற்கப்புறம் 69.72. "ராத்திரியில ரெண்டரை சதவீதம் எங்கேய்யா எழுந்து போச்சு? நான் ஹெட் கிளார்க்கா இருந்தப்ப இப்படி ஒரு கணக்குக் காட்டியிருந்தா மெமோ கொடுத்திருப்பாங்க." போட்ட அடிக்கோட்டை அழிக்கவும் வழியில்லை, மையால் போட்டது.

பிறகு ஜூன் 4 வரை 46 நாள் காத்திருக்க வேண்டும். வெயிலோ சொல்லி மாளாது. விவாதத்தில் புதிதாகச் சொல்ல எவருக்கும் ஒன்றும் இல்லை. இந்தக் கொடுமையில்தான் இவர் சொந்தமாகக் கணிப்பு நடத்தக் கிளம்பினார்.

ஏப்ரல் 23 சித்ரா பௌர்ணமி. ஈசான்ய லிங்கம் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இடத் தேர்வுக்கு அவர் சொன்ன காரணத்தை எந்தப் புள்ளியியல் பேராசிரியரும் தள்ளிவிட முடியாது: "எட்டாவது லிங்கம். 14 கிலோமீட்டர்ல முக்கால்வாசிக்கு மேல வெறுங்காலோட நடந்து வர்றான். பொய் சொல்லத் தெம்பு இருக்காது." இருக்கவில்லைதான். ஆனால் இப்போதெல்லாம் கிரிவலத்தில் தமிழுக்குச் சமமாகத் தெலுங்கு கேட்கிறது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. யாருக்கு ஓட்டு என்று கேட்டால் ஒருவர் பாபு என்றார், அடுத்தவர் ஜெகன் என்றார். அவர்கள் ஊரில் மே 13-தான் ஓட்டுப்பதிவே. விடிகாலையில் நோட்டைக் கூட்டிப் பார்த்தால் தமிழ்நாட்டில் சந்திரபாபு நாயுடு வலுவாக முன்னிலையில் இருந்தார்.

இதை டீக்கடையில் அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, சட்டம் படிக்கிற பையன் ஒருவன் செல்போனைப் பார்த்து ஒரு குண்டைப் போட்டான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவு. தேர்தல் ஆணையம் குறிப்பிட்ட காலத்துக்குள், அதாவது ஜூன் 1 மாலை ஆறரை வரை, வாக்களித்தவர்களிடம் கணிப்பு எடுத்து எந்த வகையில் பரப்பினாலும் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பெரியவர் முகத்தில் திருநீறு மட்டும்தான் தெரிந்தது. "எந்த வகையிலும்னா டீக்கடையும் சேருமா தம்பி? பென்ஷன் நிக்குமா?"

நோட்டு அரிசி டிரம்முக்குள் போனது. பத்து ரூபாய்க் கணக்கைக்கூட வேறு நோட்டில் எழுதினார். ஜூன் 1 மாலை ஆறு முப்பத்தொன்றுக்கு வெளியே எடுத்தார்.

அந்த மாலை அவர் வாழ்க்கையில் ஒரு திருநாள். சேனலுக்குச் சேனல் எல்லாக் கணிப்பும் ஒரே குரலில் 'இருப்பவரே' என்றன. தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 என்றன, 400 என்றன. ஆயுள் முழுக்கக் கருத்துக்கணிப்பைத் திட்டியவர் அன்று புள்ளியியலை ஒரு சாஸ்திரமாக ஏற்றுக்கொண்டார். "சும்மாச் சொல்லக் கூடாது, விஞ்ஞானம் வளர்ந்துதான்யா இருக்கு" என்றார். ரெண்டாயிரம் பேரைக் கேட்டால் போதும் என்று பானைச் சோற்றை வைத்து எனக்கே விளக்கினார். உள்ளேயிருந்து வீட்டம்மாவின் இருமல் கேட்டது.

விஞ்ஞானம் மூன்று நாள் இருந்தது. ஜூன் 4 அன்று பாஜக 240, கூட்டணி 293. பிரதமர் தொடர்கிறார், எங்கள் தொகுதியில் எம்.பி. சி.என். அண்ணாதுரையும் தொடர்கிறார், மத்தியிலும் இங்கேயும் இவர் சொன்னதுதான் நடந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை. தனிப்பெரும்பான்மை போய்விட்டதே, இருப்பவர் முழுசாக இல்லையே என்ற குறை. ஆக்சிஸ் மை இந்தியாவின் பிரதீப் குப்தா நேரலையிலேயே கண்கலங்கினார். 2016-ல் இதே நிறுவனம் தமிழ்நாட்டில் திமுக வரும் என்று சொன்னபோது 'அம்மாவே இருக்கட்டும்' என்று சொல்லி ஜெயித்தவர் நம் ஆள். ஆனாலும் கேலி செய்யவில்லை. "பாவம், சின்ன வயசு. நான் வரிசையா ஆறு தேர்தல் தப்பாச் சொன்னவன். ஒரு தடவையாவது அழுதிருக்கேனா?" ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு கூட்டணி 175-க்கு 164 இடத்தைப் பிடித்திருந்தது. அரிசி டிரம் நோட்டு சரியாகச் சொன்ன ஒரே மாநிலம் அது. அதைப் பற்றி அவர் ஏனோ பெருமைப்படவில்லை.

அந்த மாதக் கடைசியில் அமெரிக்கா கைகொடுத்தது. ஜூன் 28 காலை ஆறரைக்கு, மகன் அனுப்பிய இணைப்பில் பைடனும் டிரம்பும் அட்லாண்டாவில் மோதியதைப் பார்த்தார். ஒருவர் இருப்பவர், இன்னொருவர் இருந்தவர். யார் ஜெயித்தாலும் புது ஆள் கிடையாது. இப்படி ஒரு தேர்தலுக்குத்தான் இவர் பிறந்ததிலிருந்து காத்திருந்தார். வயது 81-ம் 78-ம். நடுவில் இரண்டு பேரும் கோல்ஃப் யார் நன்றாக ஆடுவது என்று சண்டை போட்டதும் இவருக்குக் கண்ணே நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும்விட அந்த மைக் ஏற்பாடு! ஒருவர் பேசும்போது மற்றவர் மைக்கை அணைத்துவிடுகிறார்கள். "இது ஒண்ணை மட்டும் நம்ம ஊருக்கு இறக்குமதி பண்ணச் சொல்லுங்க தம்பி" என்றார். பண்ணினால் நம் விவாதம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுமே என்றேன். அதற்குப் பதில் இல்லை.

ஜூலை 21-ல் பைடன் விலகியதும் பழைய துக்கம். அவர் இடத்துக்கு வந்த கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் கோயிலில் பூஜை நடந்தது. "நம்ம ஊர்ப் பொண்ணுதான், இல்லேங்கலை. அதுக்காகப் பாதியில ஆளை மாத்தறதா?" நவம்பரில் டிரம்ப் வந்த பிறகுதான், "தெரிஞ்ச முகம்" என்று சமாதானமானார்.

இதற்கெல்லாம் பிறகு ஒரு நாள், யாரும் எதிர்பாராத நேரத்தில், கையில் டேப்லெட்டோடு ஒரு பையன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். சர்வே. நான் திண்ணையில் இருந்தேன், சாட்சி.

"ஐயா, நாளைக்கே தேர்தல் நடந்தா யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?"

"நாளைக்கு எப்படித் தம்பி நடக்கும்? அறிவிக்கை வரலை. வேட்புமனு தாக்கல் இல்லை, பரிசீலனை இல்லை, வாபஸ் வாங்கக் கடைசி நாள் இல்லை."

"ஒரு பேச்சுக்குங்கய்யா."

"பேச்சுக்கு ஓட்டுப் போட முடியாது. நீங்க எந்தக் கம்பெனி? அத்தாட்சிக் கடிதம் இருக்கா? இந்தத் தெருவுல என் வீட்டை எதை வச்சுத் தேர்ந்தெடுத்தீங்க?" முக்கால் மணி நேரம் பையனை விசாரித்துவிட்டு, முடிவாகச் சொன்னார்: "ஓட்டுங்கறது ரகசியம். அரசியல் சட்டம் கொடுத்த உரிமை. கேட்கவே கூடாது."

கடிதத்தைப் படிக்கக் கண்ணாடி எடுக்க உள்ளே போனார். அந்த நேரத்தில் வீட்டம்மா மோர் கொண்டு வந்தார். பையன் கேட்டான், அவர் சொன்னார், பையன் தட்டினான். கண்ணாடியோடு இவர் திரும்பி வருவதற்குள் டேப்லெட் பைக்குள் போய்விட்டது.

"என்ன, நீ சொல்லிட்டியா? யாருக்குன்னு?"

"ஓட்டுங்கறது ரகசியமாச்சே" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது அந்தக் கணிப்பு எப்போது வரும் என்று தினமும் பேப்பரைப் புரட்டுகிறார். வந்ததும் நம் மாவட்டச் சதவீதத்தைப் பிரித்து, திருவூடல் தெருவில் தனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் கழித்து, மிச்சம் நிற்கும் ஒற்றை ஓட்டைப் பிடித்துவிடப் போகிறாராம். அதற்கென்று புது நோட்டில் கோடு போட்டாகிவிட்டது.