பிஎச்.டி.க்கு ஆகாத குழி

எம்.இ. முடித்து பிஎச்.டி.க்குச் சேர்ந்த ஒரு மாணவன் கைடு முன்னால் போய் நின்று, "சார், செப்டிக் டேங்க்ல ஆள் இறங்காம வேலை நடக்க ஒரு எந்திரம் செய்யலாம்னு இருக்கேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். கைடு கண்ணாடியைக் கழற்றுவார். "நல்ல சேவைப்பா. என்.எஸ்.எஸ்.ல செய். தீசிஸுக்கு இதுல நாவல்டி எங்க? மேத்தமேட்டிகல் மாடல் எங்க? இதை ஸ்கோபஸ் ஜர்னல்ல எவன் போடுவான்?"

பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வருவான். அடுத்த மாதம் திருந்திவிடுவான். ஊரெல்லாம் அரைத்து முடித்த ஒரு அல்காரிதத்துக்கு முன்னால் 'மேம்படுத்தப்பட்ட' என்று ஒரு சொல்லைச் சேர்த்து, மேட்லாபில் ஓட்டி, அரை சதவீதத் துல்லியம் கூடிவிட்டதாக கிராஃப் போட்டுக் காட்டுவான். கைடு முகம் மலரும். அந்த அரை சதவீதத்தால் இந்த நாட்டில் எவனுக்கு என்ன ஆயிற்று என்று டாக்டோரல் கமிட்டியில் ஒருவரும் கேட்க மாட்டார். கேட்டால், தன்னுடைய தீசிஸையும் எடுத்துப் பார்ப்பார்களே என்ற பயம்.

குழிக்குள் விஞ்ஞானம் இல்லையா என்ன? அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவுக்கு ஏறினால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று உள்ளே நிற்பவன் நம்புவான். 500-ஐத் தாண்டி ஆயிரத்தை நெருங்கினால், ஓரிரு மூச்சில் சுருண்டு விழுவான். மேலே நிற்பவன் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராததால் தானும் இறங்குவான். செய்தியில் பெரும்பாலும் 'இருவர் பலி', 'மூவர் பலி' என்றே வருவதற்கு இதுதான் காரணம். வேதியியல், உணர்கருவி, ரோபோடிக்ஸ், நச்சியல், குழாய் வடிவமைப்பு என்று அரை டஜன் துறைகளுக்கு ஆயுசுக்கும் போதுமான வேலை அந்த மூடிக்குக் கீழே கிடக்கிறது. மூடியைத் திறக்கத்தான் ஆள் இல்லை. இறங்குகிறவர் பெரும்பாலும் பட்டியல் சாதிக்காரர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். விஞ்ஞானத்துக்கு சாதி கிடையாது என்று அடித்துச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் வீட்டு டேங்கில் ஒரு நாளும் அவர்கள் ஆட்கள் இறங்கியதில்லை.

பெருமைக்குக் குறைச்சல் இல்லை. உயர்கல்விக்கான தேசியத் தரவரிசையில் 2019 முதல் ஒட்டுமொத்த முதலிடம் சென்னை ஐஐடிக்கு. முதல் நூறு இடங்களில் அதிக நிறுவனங்கள் உள்ள மாநிலமும் தமிழ்நாடுதான். இன்னொரு பட்டியலிலும் நமக்கே முதலிடம். 1993 முதல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் செத்தவர்களை மாநிலவாரியாக எண்ணும் அரசுக் கணக்கில், 200-க்கு மேற்பட்ட சாவுகளோடு தமிழ்நாடு முன்னால் நிற்கிறது. முதல் பட்டியலுக்கு பேனர் வைத்தோம். இரண்டாவதற்கும் வைத்திருக்கலாம், அதுவும் உழைத்து வாங்கிய இடம்தான்.

சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம். அப்புறம் 42,000, மூன்று வருடம். வாடகைப்படியைத் தள்ளிவிட்டால் ஐந்து வருடத்துக்கு 24 லட்சம். ஒரு சாவுக்கு அழும் பணத்தில் ஒரு ஆராய்ச்சியாளரை ஐந்து வருடம் உட்காரவைத்து, மிச்சம் 6 லட்சத்துக்கு இரும்பும் மோட்டாரும் வாங்கலாம். கருணை வேண்டாம், கஞ்சத்தனம் இருந்தாலே போதும். அதுகூட இல்லை.

முடியாத காரியம் என்றும் சாக்குச் சொல்ல வழியில்லை. 2015-இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இரண்டு தொழிலாளிகளும் அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் செத்தார்கள். கேரளத்தில் பொறியியல் முடித்த நாலு இளைஞர்கள் அதைச் செய்தியாகப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைக்கவில்லை. அவர்களுடைய 'பேண்டிகூட்' ரோபோ 2018-இல் திருவனந்தபுரத்தில் மேன்ஹோலுக்குள் இறங்கியது. சென்னை ஐஐடியில் உருவான 'ஹோமோசெப்' ஒரு மாணவரின் முதுநிலை இறுதியாண்டு ப்ராஜெக்டாகத் தொடங்கியதுதான். குடையைத் தலைகீழாக விரித்த மாதிரி பிளேடுகள். குறுகலான வாய்க்குள் மடங்கிப் போய், உள்ளே விரிந்து, இறுகிய கசடைக் கலக்கிவிடும், குழாய் உறிஞ்சிக்கொள்ளும். முதல் எந்திரங்கள் போய்ச் சேர்ந்தது, இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்கு. இத்தனைக்கும் விதை ஒரு ப்ராஜெக்ட்தான். பட்டத்துக்கு ஒரு கேடும் வரவில்லை.

மற்றவர்களும் சும்மா இல்லை, பேப்பர் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2018 மே மாதம் யுஜிசி தன்னுடைய அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களைத் தூக்கி எறிந்தது. அவற்றில் போட்ட பேப்பரைக் காட்டி வாங்கிய பட்டங்களைத் தூக்கி எறியவில்லை. பிஎச்.டி.க்கு பேப்பர் கட்டாயமில்லை என்று 2022-இல் விதியை மாற்றியும் பார்த்தார்கள். கைடுகளுக்கு இன்னும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

வைவா அன்று பார்க்க வேண்டும். ஸ்காலர் செலவில் பொன்னாடை, மரக்கன்று, மதியம் பிரியாணி. "சமுதாயத்துக்குப் பயன்படும் ஆய்வு" என்று வெளித்தேர்வாளர் மைக்கில் சொல்வார். எந்தச் சமுதாயம் என்று சொல்ல மாட்டார். சாப்பிட்டுக் கை கழுவிய தண்ணீர் கல்லூரிக்குப் பின்னாலுள்ள தொட்டிக்குப் போகும். அது நிரம்பினால் ரோபோடிக்ஸ் லேபை யாரும் தேட மாட்டார்கள், காண்டிராக்டருக்குத்தான் போன் போகும். அவர் இரண்டு பேரோடு, விடியுமுன் வருவார். பிறகு ஒரு பில் வரும்: 'கழிவுநீர்த் தொட்டி எந்திரம் மூலம் சுத்தம் செய்த வகையில்'. மெக்கானிக்கல் துறைத் தலைவர் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போடுவார்.